ஐந்தாவது பதிவு

நான்காவது பதிவு வரை சிந்துஜாவின் பேனா நிற்காமல் ஓடியது. ஐந்தாவதில் நின்றது.

எதிரே உட்கார்ந்திருந்த தருண்ராஜ் அதைப் பார்த்துவிட்டான். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேகன் சோதிப்பவன். நூறு சக்கரம் சுழலும்போது ஒன்று மட்டும் அரை நொடி தயங்கினால் அதைப் பிடிப்பதற்குத்தான் அவனுக்குச் சம்பளம்.

"என்ன மேடம்?"

"ஒண்ணுமில்ல. படிச்சிட்டிருக்கேன்."

2061, மே மாதம். திருச்சி கோர்ட்டுக்கு எதிரே, முதல் மாடியில், வக்கீல் சிந்துஜாவின் அறை. வீடு வாங்குகிறவர்களுக்கு வில்லங்கம் பார்த்துக் கருத்துரை எழுதித் தருவது அவள் தொழில். தருண்ராஜும் அவன் மனைவி பிரகதியும் காட்டூரில் ஒரு வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்திருந்தார்கள். ரெண்டு படுக்கையறை, நல்ல தண்ணீர், பின்னால் ஒரு முருங்கை. அந்த முருங்கையைப் பற்றி மட்டும் பிரகதி மூன்று முறை சொல்லிவிட்டாள்.

பின்னோக்கி முப்பது வருஷம் சுத்தமாக இருந்தது. அடமானம் இல்லை, வழக்கு இல்லை. சிந்துஜா தயங்கியது முன்னோக்கிய வில்லங்கச் சான்றில்.

அது வந்து ஆறு வருஷம்தான் ஆகிறது. ஜனங்கள் அதை 'முன் ஈசி' என்றார்கள். ஒரு வீட்டின் பேரில் அடுத்த பதினெட்டு வருஷத்தில் என்னென்ன பத்திரம் பதிவாகும் என்று பதிவுத் துறையே அச்சடித்துக் கொடுத்தது. எப்படி என்று பிரகதி கேட்டபோது குமாஸ்தா அந்தோணி சகாயம் தனக்குத் தெரிந்ததைச் சொன்னார்.

"பதிவேடு ஒண்ணுதாம்மா. நாம இந்தப் பக்கத்துலேர்ந்து பொரட்டுறோம். அந்த மெஷின் கடைசிப் பக்கத்துலேர்ந்து பொரட்டுது. அதுக்கு மழை தெரியாது, எலெக்‌ஷன் தெரியாது, லாட்டரி நம்பர் தெரியாது. பதிவேட்டுல முத்திரை விழுந்தா அது மட்டும்தான் தெரியும். இவங்க இந்த வீட்டை வாங்கினா என்னென்ன பதிவாகும்னு காட்டும். வாங்கலேன்னா பட்டியல்ல அவங்க பேரே வராது."

"ஜாதகம் மாதிரின்னு சொல்லுங்க."

"ஜாதகக்காரன் காசு வாங்கிட்டுப் பரிகாரம் சொல்லுவான். இவனுங்க காசு மட்டும் வாங்குவானுங்க."

பிரகதி சிரித்தாள். அந்த அறையில் அவள் சிரித்தது அதுதான் கடைசி.

சட்டத்தில் ஒரு விதி இருந்தது. வக்கீல் பத்திரத்தின் உரிமையை மட்டுமே பார்க்க வேண்டும். யார் இருப்பார், யார் போவார் என்று பட்டியலிலிருந்து கணித்துச் சொன்னால் வக்கீல் உரிமமான சன்னது போய்விடும். விதி இருந்தது. ஆனால் கண் இருக்கிறதே, அது படித்துத் தொலைக்கும்.

முதல் பதிவு, கிரயம், தருண்ராஜ் பேருக்கு. இரண்டாவது, வங்கியில் பத்திரத்தை வைத்துக் கடன். மூன்றாவது, 2070-ல் அந்தக் கடன் தீர்ந்த ரசீது. நான்காவது, சாக்கடைக் குழாய்க்காக மாநகராட்சிக்கு மூன்றடி விட்டுக்கொடுத்தது.

ஐந்தாவது, 2079-ல் ஒரு பாகப்பிரிவினை. தரப்பினர்: பிரகதி, மனைவி. ஆதவன், மகன்.

அவ்வளவுதான்.

சிந்துஜா விண்ணப்பத்தைத் திரும்பப் பார்த்தாள். குழந்தைகள் இருவர். மகிழினி, ஒன்பது வயது. ஆதவன், மூன்று வயது. பெண் தன் பங்கைத் தம்பிக்கு விட்டுக் கொடுத்திருக்கலாம். அப்படியானால் விடுதலைப் பத்திரம் ஒன்று வந்திருக்க வேண்டும். பட்டியலை மேலிருந்து கீழே மறுபடி தேடினாள். விடுதலைப் பத்திரம் இல்லை.

காகிதத்தை மடித்து, உரிமை சுத்தமாக இருக்கிறது, வாங்கலாம் என்று சொன்னாள். தருண்ராஜ் கையை நீட்டி அந்தக் காகிதத்தை வாங்கினான். விரலை ஒவ்வொரு வரியாக இறக்கி, ஐந்தாவதில் நிறுத்தினான்.

"நான் இல்லைங்கிறது தெரியுது மேடம். அது பரவால்ல. அவ ஏன் இல்ல?"

சிந்துஜா பேனாவுக்கு மூடி போட்டாள்.

"மேடம். எனக்குப் பொண்ணு இருக்கா. பேரு மகிழினி. இதுல ஏன் இல்ல?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். விதியைக் காட்டியிருக்கலாம். ஆனால் அந்த ஆள் தன் சாவைப் படித்துவிட்டு, அதை ஒரு எழுத்துப் பிழை மாதிரி ஒதுக்கிவிட்டு, மகள் பேரைத் தேடிக்கொண்டிருந்தான்.

"வாரிசு உயிரோட இருந்தா பேரு வந்தே ஆகணும்" என்றாள் சிந்துஜா. "சட்டம் அப்படி."

பிரகதி முதலில் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் புரிந்தது.

* * *

காட்டூர் வீட்டை விட்டுவிட்டார்கள். அட்வான்ஸ் போனது. இரண்டு மாதம் கழித்து அரியமங்கலத்தில் ஒரு வீட்டுக்கு ஒப்பந்தம் போட்டு முன் ஈசி எடுத்து வந்தார்கள். அதிலும் கடைசியில் ஒரு பாகப்பிரிவினை. பிரகதி, ஆதவன்.

மூன்றாவதாகத் திருவெறும்பூர். பதிவு எண் முதற்கொண்டு அச்சாகியிருந்தது, 3316/2079. பிரகதி, ஆதவன்.

தருண்ராஜ் ரொம்ப நேரம் அந்தக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். வீட்டில் இல்லை, தங்களிடம்தான் இருக்கிறது வில்லங்கம் என்றான். திருவெறும்பூர் வீட்டையே வாங்கிவிட்டார்கள். எதை வாங்கினாலும் ஒன்றுதான் என்றான பிறகு, பள்ளிக்கூடம் பக்கத்தில் இருக்கட்டுமே என்று.

அதற்குப் பிறகு நடந்ததைச் சிந்துஜா துண்டு துண்டாகத்தான் தெரிந்துகொண்டாள். வீட்டு வரி, வங்கி நோட்டீஸ் என்று வருஷத்துக்கு ஒருமுறை தருண்ராஜ் வருவான். மகிழினிக்கு சைக்கிள் கிடையாது. கல்லணைக்குப் பள்ளிச் சுற்றுலா கிடையாது. மாடிக்குப் போகும் படியில் கதவு போட்டாகிவிட்டது. காய்ச்சல் என்றால் இரண்டு டாக்டர்.

ஒருமுறை சத்திரம் பேருந்து நிலையத்தில் சிந்துஜா அந்தப் பெண்ணை நேரில் பார்த்தாள். பதினைந்து வயதிருக்கும். அப்பாவின் வண்டியில் பின்னால் உட்கார்ந்திருந்தாள். தலைக்கவசம், முழங்காலுக்கும் முழங்கைக்கும் உறை, போதாததற்கு அப்பாவின் இடுப்போடு சேர்த்து ஒரு பெல்ட். பேருந்துக்கு நின்ற பெண்கள் இரண்டு பேர் அவளைக் காட்டிச் சிரித்தார்கள். மகிழினி தலைக்கவசக் கண்ணாடியைக் கீழே இறக்கிக்கொண்டாள்.

தான் ஒரு வாக்கியம் சொன்னோம், அது பெல்ட்டாகிவிட்டது என்று சிந்துஜா நினைத்தாள்.

கோயம்புத்தூரில் பொறியியல் படிக்க இடம் கிடைத்தபோது தருண்ராஜ் அனுப்பவில்லை. எட்டு நாள் அந்தப் பெண் பேசாமல் இருந்தாளாம். ஒன்பதாம் நாள் கேட்டாளாம், நான் என்னப்பா தப்பு பண்ணினேன் என்று. காரணத்தை யாரும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. ஒரு பிள்ளையிடம் போய் அதை எப்படிச் சொல்வது?

* * *

2073-ல் தருண்ராஜ் தனியாக வந்தான். ஐம்பது வயதுக்கு அறுபதாகத் தெரிந்தான். அந்தோணி சகாயத்தின் நாற்காலி காலியாகி மூன்று வருஷம் ஆகியிருந்தது. அதில் உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"மேடம், உயிரோட இருக்கிறவங்க பேரு பட்டியல்ல இல்லாமப் போறதுக்கு வழி இருக்கா?"

சிந்துஜா கையிலிருந்த காப்பியைக் கீழே வைத்தாள். உறையூரில் ஒரு தெருவுக்கு மட்டும் அவள் கருத்துரை எழுதுவதில்லை. அது ஏன் என்று அந்தோணிக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

"இருக்கு" என்றாள். "எங்கப்பா வீட்டு ஈசியில என் பேரு இல்ல."

அவன் நிமிர்ந்தான்.

"இருபத்திநாலு வயசுல சாதி மாறிக் கல்யாணம் பண்ணிக்கிட்டேன். எங்கப்பா தலைமுழுகிட்டார். அவர் போனப்புறம் தாசில்தார் ஆபீஸ்ல ரெண்டு பசங்க மட்டும்தான்னு எழுதிக் கொடுத்து வாரிசுச் சான்று வாங்கிட்டாங்க. அக்கம்பக்கத்துல விசாரிச்சப்ப அவங்களும் ஆமான்னாங்க. நான் கேஸ் போடல. அந்த வீட்டுப் பட்டியலை யாராவது படிச்சா நான் செத்துட்டேன்னுதான் நினைப்பாங்க. இதோ, காப்பி குடிச்சிட்டிருக்கேன்."

"வலிக்கலையா மேடம்?"

"வலிக்குது. இப்பவும்."

"ஆனா இருக்கீங்க."

"இருக்கேன்."

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் இது ஏன் உங்களுக்குத் தோணலை என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளிடம் பதில் இருந்தது. அந்த வீட்டை நினைக்காமல் இருக்கப் பழகியிருந்தாள். பழக்கம் நன்றாகவே படிந்துவிட்டது, நினைக்க வேண்டிய நாளிலும் நினைக்கவில்லை.

ஒரு ஆறுதலுக்காகத்தான் அதைச் சொன்னாள். சட்டம் சொல்வது மட்டுமே நடப்பதில்லை, நம்பிக்கையோடு இருங்கள் என்கிற அர்த்தத்தில். தருண்ராஜ் எழுந்து கும்பிட்டான். படி இறங்கும்போது அவன் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. சிந்துஜா அதை நிம்மதி என்று நினைத்துக்கொண்டாள்.

* * *

2079, மார்ச். பிரகதி வந்தாள், கூட இருபத்தோரு வயது ஆதவன். தருண்ராஜ் போன வருஷம் பிப்ரவரியில் இறந்துவிட்டான், நெஞ்சுவலி. மாடி கட்ட ஆதவனுக்கு வங்கிக் கடன் வேண்டும். அதற்கு முன் வீட்டை அம்மாவும் பிள்ளையுமாகப் பாகம் பிரித்துப் பதிய வேண்டும்.

வாரிசுச் சான்றை சிந்துஜா வாங்கிப் பார்த்தாள். மனைவி பிரகதி. மகன் ஆதவன்.

பதினெட்டு வருஷமாக எதிர்பார்த்திருந்த காகிதம்தான். இருந்தும் இரண்டு முறை படித்தாள்.

"மகிழினி எப்போ தவறினா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

ஆதவன் முகம் சுளித்தான். "அவ ஒண்ணும் தவறல மேடம். ஓசூர்ல இருக்கா. எவனையோ கட்டிக்கிட்டுப் போயிட்டா. அஞ்சு வருஷமாச்சு. எங்கப்பா தலைமுழுகிட்டார்."

சிந்துஜா சான்றை மேசைமேல் வைத்தாள். உயிரோடு இருக்கும் மகளை மறைத்து வாங்கின சான்று. இதை வைத்துப் பத்திரம் எழுத முடியாது என்று சொல்லிவிட்டாள். அந்தப் பெண்ணின் பெயரைச் சேர்த்துப் புதுச் சான்று வாங்கி வரச் சொன்னாள். தன் குரல் உயர்வது அவளுக்கே தெரிந்தது. உறையூர் வீட்டு அண்ணன் தம்பியிடம் பேசாததையெல்லாம் இந்தப் பையனிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

பிரகதி மகனிடம் கீழே போய்க் காப்பி வாங்கி வரச் சொன்னாள். அவன் போனதும் கதவைச் சாத்தினாள்.

"பேரைச் சேர்க்காதீங்க மேடம். கால்ல வேணா விழறேன்."

"பிரகதி, பெத்த பொண்ணு."

"அதனாலதான் சொல்றேன்."

பையிலிருந்து ஒரு காகிதம் எடுத்தாள். நான்காக மடித்து மடித்து, மடிப்பில் கிழிந்து, டேப் ஒட்டிய காகிதம். திருவெறும்பூர் வீட்டின் முன் ஈசி.

"அந்தப் பையன் ஜெரோம் ரொம்ப நல்ல பையன். இவருக்கு முன்னாடியே தெரியும். ஆறு மாசம் பின்னாடியே சுத்தி விசாரிச்சார். ஒருநாள் என்கிட்ட சொன்னார், தங்கமான பையன், இவ நல்லா இருப்பான்னு. மறுநாள் அவ வந்து விஷயத்தைச் சொன்னா. இவர் அவ துணிமணியெல்லாம் எடுத்துத் தெருவுல வீசினார். தெருக் குழாய்க்குப் போய், எல்லாரும் பாக்க, குடத்தால தலையில தண்ணியை ஊத்திக்கிட்டார். எனக்குப் பொண்ணே இல்லைன்னு கத்தினார். அவ ரோட்டுல நின்னு பாத்துட்டிருந்தா மேடம். நான் என்னப்பா தப்பு பண்ணினேன்னு மறுபடியும் கேட்டா."

பிரகதி முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"அன்னிக்கு ராத்திரி பூரா அழுதார். பட்டியல்ல அவ பேரு இருக்காது பிரகதி, அது மாறாது, ஆனா அவ செத்துதான் பேரு போகணும்னு இல்லையாம், வக்கீலம்மா சொன்னாங்கன்னார். நான் எடுத்துட்டா அவ இருந்துக்குவான்னார். தெரு முழுக்கப் பாத்தாத்தான் நாளைக்கு விசாரிக்க வர்றப்ப ஒரே பையன்னு சொல்லுவாங்கன்னார். பத்திரம் பதிவாகிற வரைக்கும் அவகிட்ட மூச்சு விடக் கூடாது, தெரிஞ்சா திரும்பி வந்துடுவா, பேரைச் சேர்த்துடுவோம், அப்புறம் என்ன நடக்கும்னு தெரியாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கினார். சாகறப்பவும் அதேதான் கேட்டார். காரியத்துக்குக்கூட அவளைக் கூப்பிடல, ஊர்க்காரங்க சொல்லித்தான் அவளுக்குத் தெரியும்."

சிந்துஜா அந்தக் காகிதத்தைக் கையில் வாங்கினாள்.

காகிதத்தைத் திருப்பினாள். பின்பக்கம் முழுக்கப் பென்சில் எழுத்து. ஒர்க்‌ஷாப்பில் ஒவ்வொரு வேகனையும் சோதித்த பிறகு அதன் பக்கவாட்டில் தேதி போட்டு 'சரி' என்று சாக்பீஸால் எழுதுவார்கள். அதே மாதிரி எழுதியிருந்தான். எல்லாம் ஜூன் 22. மகிழினியின் பிறந்தநாள் என்று பிரகதி சொன்னாள்.

22-6-62 சரி. 22-6-63 சரி. 22-6-64 சரி.

அப்படியே இறங்கியது. 74-லிருந்து இன்னொரு சொல் சேர்ந்திருந்தது.

22-6-74 ஓசூர். சரி. இளைச்சிருக்கா.

22-6-75 ஓசூர். சரி.

22-6-76 ஓசூர். சரி. மாசமா இருக்கா போல.

22-6-77 ஓசூர். சரி. சிரிச்சா.

அதற்குக் கீழே வெற்றிடம்.

"என்கிட்ட கோயிலுக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போவார்" என்றாள் பிரகதி. "அவ வண்டிக்கு பேட்டரி மாத்தற கடை வெச்சிருக்கா. எதிர்த்தாப்ல ஒரு டீக்கடை. போறது எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியாது."

தருண்ராஜின் கணக்கு சரிதானா? பட்டியலை அவன் ஏமாற்றினானா, அல்லது அவன் இப்படிச் செய்யப்போவதைத்தான் பட்டியல் முதலிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்ததா? முதல் நாள் அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்தப் பெண் சைக்கிள் ஓட்டி, கல்லணை பார்த்து, கோயம்புத்தூரில் படித்து, அப்பா கையால் ஜெரோமுக்குக் கட்டிவைக்கப்பட்டிருப்பாளா? எந்த மெஷினும் அந்தப் பக்கத்தைப் புரட்டிக் காட்டாது.

பதிவு முடிந்த பிறகு மகிழினிக்குச் சேர வேண்டிய பங்கை எழுதிக் கொடுக்க வேண்டும் என்று சிந்துஜா சொன்னாள். தன் பாகம் முழுக்க அவளுக்குத்தான் என்றாள் பிரகதி.

முப்பத்தொன்பது வருஷத் தொழிலில் சிந்துஜா முதல்முறையாக ஒரு பொய்ப் பத்திரம் எழுத உட்கார்ந்தாள்.

* * *

சார்பதிவாளர் அலுவலகத்தில் கூட்டம் இல்லை. பிரகதி விரலை வைத்தாள். ஆதவன் விரலை வைத்தான். திரையில் எண் விழுந்தது. 3316/2079.

பிரகதி பழைய காகிதத்தை விரித்து, எண்ணோடு எண்ணாக விரல் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தாள். அப்புறம் வராந்தாவுக்கு வந்து, ஆதவனை வண்டி எடுக்க அனுப்பிவிட்டு, தூணில் சாய்ந்துகொண்டாள்.

"இனிமே பேசலாம் இல்ல மேடம்? இதோட பட்டியல் முடிஞ்சிருச்சு இல்ல?"

"முடிஞ்சது. பேசுங்க."

பிரகதியின் நம்பரை மகிழினி எப்போதோ தடுத்துவைத்திருந்தாள். மூன்று முறை போட்டும் போகவில்லை. சிந்துஜா தன் போனில் போட்டு ஸ்பீக்கரை அழுத்தினாள். நான்காவது மணியில் எடுத்தார்கள். பின்னால் வண்டிச் சத்தம்.

"யாருங்க?"

பிரகதி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"திருச்சியிலேர்ந்து வக்கீல் சிந்துஜா பேசறேம்மா. உங்க வீட்டுப் பத்திரம் விஷயமா."

"கையெழுத்துதானே? எங்க போடணும்னு அனுப்புங்க, போட்டுத் தர்றேன். அந்த வீட்டுல எனக்கு ஒண்ணும் வேணாம்."

"கையெழுத்து வேணாம்மா. பதிவு முடிஞ்சது."

"ஓ. ஏற்கெனவே எடுத்துட்டாங்களா என் பேரை." குரலில் கோபம் இல்லை. பழகிப்போன குரல். சிந்துஜாவுக்குத் தெரிந்த குரல். "சரிங்க. கடையில ஆள் நிக்கிறாங்க. வெச்சிடறேன்."

"மகிழினி. உன் கடைக்கு எதிர்த்தாப்ல ஒரு டீக்கடை இருக்கா?"

"இருக்கு. ஏன்?"

"ஜூன் இருபத்திரண்டு. வருஷா வருஷம் உங்கப்பா அங்க வந்து உன்னைப் பாத்துட்டுப் போயிருக்கார். எழுதி வெச்சிருக்கார். நாளைக்கு நானும் உங்கம்மாவும் அதைக் கொண்டு வர்றோம்."

அந்தப் பக்கம் யாரோ எவ்வளவு என்று கேட்டார்கள். மறுபடி கேட்டார்கள். ஒரு வண்டி கிளம்பிப் போனது. சிந்துஜா திரையைப் பார்த்தாள், இணைப்பு அறுபடவில்லை, விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

பிறகு, கடை வாசலுக்கு நடந்து வந்து எதையோ பார்த்துக்கொண்டு பேசுகிற மாதிரி, சின்னக் குரலில் மகிழினி கேட்டாள்.

"எந்த பெஞ்சுல உக்காந்திருந்தார்?"